மரக் கப்பல் மாதிரிக்கு ஃபைபர்கிளாஸ் துணி: எதை வாங்குவது, எப்படிக் கணக்கிடுவது?

மும்பையில் வளரும் நம் பிள்ளைகளுக்குக் கடலும் கப்பலும் அன்றாடக் காட்சி. கல்லூரியில் என்.சி.சி. கடற்படைப் பிரிவில் சேர்ந்திருப்பவர்கள் நம் சங்கக் குடும்பங்களிலும் உண்டு. அங்கே கப்பல் மாதிரி செய்வது பயிற்சியில் ஒரு பகுதி. அகில இந்திய நவ் சைனிக் முகாமில் அது போட்டியாகவே நடக்கிறது. என்.சி.சி.யில் இல்லாத பிள்ளைகளும் விடுமுறையில் இந்த வேலையில் இறங்குகிறார்கள். அப்பாக்களும் கூட உட்கார்ந்துவிடுகிறார்கள். நல்ல பழக்கம்தான்.

அலமாரியில் வைத்து அழகு பார்க்கும் மாதிரி என்றால் மரத்தின் மேல் பெயின்ட் அடித்தால் போதும். தண்ணீரில் ஓடவேண்டும் என்றால் போதாது. மரம் தண்ணீரைக் குடிக்கும், உப்பும், காயும்போது சுருங்கும். நான்கு முறை ஓட்டுவதற்குள் பலகைகளின் இணைப்புகளில் கோடு விழுந்து, பெயின்ட் உரியத் தொடங்கும். நான்கு மாத உழைப்பு அத்துடன் போய்விடும். இதைத் தடுக்கத்தான் மரத்தின் மேல் மெல்லிய ஃபைபர்கிளாஸ் துணியைப் போர்த்தி, எபாக்ஸி ரெசின் பூசுகிறோம்.

எங்கள் கட்டடத்தில் உள்ள கல்லூரி மாணவன் ஒருவன் என்னிடம் கேட்டான்: "மாமா, கண்ணாடித் துணி எல்லாம் ஒன்றுதானே? உள்ளதிலேயே கெட்டியாக இருப்பதை வாங்கிவிட்டால் நல்லதுதானே?"

பலருக்கும் தோன்றும் கேள்வி இது. கெட்டியானது நல்லது என்பது தண்ணீர்த் தொட்டிக்குப் பொருந்தும். நான் வேலை பார்த்த ரயில் பெட்டிப் பட்டறையில் கழிவறையின் உட்சுவர்களாக வரும் ஃபைபர்கிளாஸ் பலகைகளுக்கும் பொருந்தும். மிதக்கும் மாதிரிக்குப் பொருந்தாது. அங்கே பலம் தருவது மரம். துணியின் வேலை தண்ணீரை உள்ளே விடாமல் இருப்பதும், ரெசின் பூச்சு வெடிக்காமல் பிடித்து வைத்திருப்பதும், சிறு அடிகளைத் தாங்குவதும்தான். இந்த வேலைக்கு வேண்டிய அளவு துணி போதும். அதற்கு மேல் போடும் ஒவ்வொரு கிராமும் சுமை. எவ்வளவு சுமை என்று கணக்குப் போட்டே பார்த்துவிடலாம்.

ஜி.எஸ்.எம். என்றால் என்ன?

கண்ணாடித் துணியை எடையை வைத்து அடையாளம் சொல்வார்கள். ஒரு சதுர மீட்டர் துணி எத்தனை கிராம் என்பதே ஜி.எஸ்.எம். வெளிநாட்டுப் புத்தகங்களில் ஒரு சதுர கெஜத்துக்கு எத்தனை அவுன்ஸ் என்று போட்டிருக்கும். ஒரு அவுன்ஸ் என்பது ஏறத்தாழ 34 ஜி.எஸ்.எம். ஆகவே முக்கால் அவுன்ஸ் துணி 25 ஜி.எஸ்.எம்.; ஒன்றரை அவுன்ஸ் 50; மூன்று அவுன்ஸ் 100; ஆறு அவுன்ஸ் 200.

கடைக்காரர் சொல்லும் எண்ணில் சந்தேகம் இருந்தால் நீங்களே சோதிக்கலாம். 50 செ.மீ. நீளம், 20 செ.மீ. அகலத்தில் ஒரு துண்டு வெட்டுங்கள். அது சதுர மீட்டரில் பத்தில் ஒரு பங்கு. நகைக்கடைத் தராசு போன்ற நுட்பமான தராசில் நிறுத்து, வரும் கிராமைப் பத்தால் பெருக்குங்கள். 5 கிராம் வந்தால் அது 50 ஜி.எஸ்.எம். துணி.

ஒரு கப்பலை எடுத்துக்கொள்வோம்

உதாரணத்துக்கு ஐ.என்.எஸ். நீலகிரி. நம் மலையின் பெயர் தாங்கிய இந்தப் போர்க்கப்பல் இங்கே மும்பை மஸகான் டாக்கில் கட்டப்பட்டு, 1972 ஜூன் மாதம் கடற்படையில் சேர்ந்தது. 1996-ல் ஓய்வு பெற்றது. நீளம் 113 மீட்டர், அகலம் 13 மீட்டர், முழுச் சுமையுடன் எடை ஏறத்தாழ 3,000 டன்.

இதை நூற்றில் ஒரு பங்கு அளவில் செய்தால் மாதிரியின் நீளம் 113 செ.மீ., அகலம் 13 செ.மீ. எடை எவ்வளவு இருக்கவேண்டும்? நீளம், அகலம், ஆழம் மூன்றும் நூறில் ஒரு பங்காகக் குறைவதால், எடை 100 x 100 x 100, அதாவது பத்து லட்சத்தில் ஒரு பங்காகக் குறையும். 3,000 டன் என்பது 30 லட்சம் கிலோ. ஆகவே மாதிரியின் எடை 3 கிலோ. மரம், மோட்டார், பேட்டரி, சுக்கான், ரேடியோ கருவி, மேல்தளக் கட்டுமானம், பெயின்ட் எல்லாம் சேர்த்து 3 கிலோவுக்குள் அடங்கினால்தான் கப்பல் தன் நீர்க்கோட்டில் மிதக்கும். 6 வோல்ட் லெட் ஆசிட் பேட்டரி ஒன்றே முக்கால் கிலோ வரை எடுத்துக்கொள்ளும். மிச்சத்தில் எல்லாம் நடக்கவேண்டும்.

அடுத்து, துணி போர்த்த வேண்டிய பரப்பு. தையற்காரர் வைத்திருக்கும் அளவு நாடாவை எடுத்து, ஒரு பக்க மேல் விளிம்பிலிருந்து அடிப்பக்கம் சுற்றி மறுபக்க மேல் விளிம்பு வரை ஐந்தாறு இடங்களில் அளந்து சராசரி பாருங்கள். இந்தக் கப்பலுக்குச் சராசரிச் சுற்றளவு 26 செ.மீ. என்று வைத்துக்கொள்வோம். 26 x 113 = 2,938 சதுர செ.மீ. அதாவது ஏறத்தாழ 0.3 சதுர மீட்டர்.

துணி தனியாக வருவதில்லை

துணியின் எடையை மட்டும் பார்த்தால் எல்லாமே குறைவாகத் தோன்றும். ஆனால் துணி ரெசினையும் கூட்டிக்கொண்டு வரும். கையால் பூசும்போது நெய்த துணி தன் எடைக்குச் சமமான ரெசினைக் குடிக்கும். அதன் பிறகு நெசவின் குழிகளை நிரப்பிச் சமமாக்க மேற்பூச்சு வேண்டும். 50 ஜி.எஸ்.எம். துணிக்கு இந்த மேற்பூச்சு சதுர மீட்டருக்குச் சுமார் 120 கிராம் என்று கொள்ளலாம். துணி கனமாக ஆக, குழிகளும் ஆழமாகும், மேற்பூச்சும் கூடும்: 100 ஜி.எஸ்.எம்.க்கு 150 கிராம், 200 ஜி.எஸ்.எம்.க்கு 250 கிராம். 25 ஜி.எஸ்.எம்.க்கு 100 கிராம் போதும்.

0.3 சதுர மீட்டர் பரப்புக்கு மொத்த எடை இப்படி வருகிறது:

25 ஜி.எஸ்.எம்.: துணி 7.5, குடிக்கும் ரெசின் 7.5, மேற்பூச்சு 30. மொத்தம் 45 கிராம்.
50 ஜி.எஸ்.எம்.: 15, 15, 36. மொத்தம் 66 கிராம்.
100 ஜி.எஸ்.எம்.: 30, 30, 45. மொத்தம் 105 கிராம்.
200 ஜி.எஸ்.எம்.: 60, 60, 75. மொத்தம் 195 கிராம்.

இவை தவிர, 'மேட்' என்று ஒன்று விற்கிறார்கள். இது நெய்யாமல், வெட்டிய கண்ணாடி இழைகளைப் பரப்பிப் பசையால் ஒட்டியது. 450 ஜி.எஸ்.எம். மேட் தன் எடையைப் போல் இரண்டு மடங்குக்கு மேல் ரெசினைக் குடிக்கும். மேட் 135 கிராம், ரெசின் 310 கிராம், மொத்தம் 445 கிராம். மேடுபள்ளத்தைச் சமன் செய்யப் பட்டி பார்க்கும் எடை இதில் சேரவில்லை.

இந்த எடை கப்பலை எவ்வளவு அமுக்கும்? நீர்க்கோட்டில் கப்பலின் பரப்பு ஏறத்தாழ 113 x 13 x 0.75, அதாவது சுமார் 1,100 சதுர செ.மீ. ஆகவே ஒவ்வொரு 110 கிராமும் கப்பலை 1 மி.மீ. கீழே இறக்கும். 50 ஜி.எஸ்.எம். துணி அரை மி.மீ.க்குச் சற்று அதிகமாக இறக்கும், கண்ணுக்கே தெரியாது. 450 மேட் 4 மி.மீ. இறக்கும். உண்மைக் கப்பலில் அது 40 செ.மீ.க்குச் சமம்.

இன்னொரு தொல்லையும் உண்டு. போர்க்கப்பல் மாதிரிகள் நீளமாகவும் ஒடுக்கமாகவும் இருப்பவை, எளிதில் சாயும். பக்கச் சுவர்களில் ஏறும் ரெசினில் பாதிக்கு மேல் நீர்க்கோட்டுக்கு மேலேதான் இருக்கிறது. அதைச் சரிக்கட்ட அடியில் ஈயக்கட்டி வைக்கவேண்டும். மேலேயே எடையைத் தின்றுவிட்டால் ஈயத்துக்கு இடமிருக்காது. திரும்பும்போது கப்பல் சாய்ந்து மேல்தளம் வழியாகத் தண்ணீர் வாங்கும்.

மேலே உள்ள பட்டியலில் இன்னொன்றையும் கவனியுங்கள். 50-லிருந்து 25-க்கு இறங்கினால் மிச்சமாவது 21 கிராம்தான். 25 ஜி.எஸ்.எம். துணியோ மிகவும் மெல்லியது. கையாளும்போதே இழை கலையும், உப்புத்தாள் போடும்போது சற்று அழுத்தினால் துணியே தேய்ந்துவிடும். எனவே புதிதாகச் செய்பவர்களுக்கு நான் சொல்வது:

60 செ.மீ.க்குக் குறைந்த மாதிரிக்கு 25 ஜி.எஸ்.எம்.
60 முதல் 120 செ.மீ. வரை 50 ஜி.எஸ்.எம்.
அதற்கு மேல் 80 அல்லது 100 ஜி.எஸ்.எம்.
பால்சா போன்ற மிக மென்மையான மரம் என்றால் ஒரு படி மேலே போகலாம், அல்லது 50 ஜி.எஸ்.எம். துணியை இரண்டு அடுக்காகப் போடலாம். தேக்குப் பட்டைக்கும் பிளைவுட்டுக்கும் அது தேவையில்லை.
200 ஜி.எஸ்.எம். துணியை முழு உடலுக்கும் போடவேண்டாம். கரையில் இடிக்கும் முன்மூக்குக்கும் அடிக்கட்டைக்கும் இரண்டு விரல் அகல நாடாவாக மட்டும் போடலாம்.

நெசவைப் பாருங்கள்

எடைக்கு அடுத்தது நெசவு. பாவும் ஊடையும் ஒன்று மேலே, ஒன்று கீழே என்று மாறி மாறிப் போவது சாதா நெசவு. இழைகள் நகராமல் இருக்கும். ஆனால் வளைவுகளில் எளிதில் படியாது. ஜீன்ஸ் துணியில் சாய்வாகக் கோடுகள் தெரியுமே, அது ட்வில் நெசவு. இது நன்றாகத் துவளும். வட்டமான அடிப்பாகமும் குழிவான பின்பகுதியும் உள்ள கப்பலுக்கு ட்வில் நல்லது. ஆனால் 50 ஜி.எஸ்.எம். அளவில் பெரும்பாலும் சாதா நெசவுதான் கிடைக்கும். அவ்வளவு மெல்லிய துணியில் அது பெரிய குறையல்ல.

கடைக்குப் போகும்போது பையனின் கிரிக்கெட் பந்து ஒன்றை எடுத்துச் செல்லுங்கள். துணியின் ஓரத்தை அதன் மேல் போட்டுப் பாருங்கள். பாதிப் பந்து வரை சுருக்கமில்லாமல் படிந்தால் உங்கள் கப்பலின் மூக்கிலும் படியும்.

படியாத இடத்துக்கு வழி நம் வீட்டுப் பெண்களுக்குத் தெரிந்ததே. ரவிக்கைக்கு கிராஸ் கட்டிங் ஏன் வைக்கிறார்கள்? மூலைவாட்டமாக வெட்டிய துணி இழுத்த இழுப்புக்கு வரும் என்பதால்தான். கண்ணாடித் துணியும் அப்படியே. பக்கச் சுவர்களுக்கு நேராக வெட்டிய துண்டு, மூக்குக்கும் பின்பகுதிக்கும் மூலைவாட்டமாக வெட்டிய தனித்துண்டு, இரண்டும் சேரும் இடத்தில் ஒரு செ.மீ. மேலொட்டு. இப்படிப் போட்டால் எங்கும் மடிப்பு விழாது. துணியின் கரைப் பகுதியை வெட்டி எறிந்துவிடுங்கள். அது தடித்து நின்று கோடாகத் தெரியும்.

கஞ்சி போட்ட துணி வேண்டாம்

புதுத் துண்டு முதல் நாள் தண்ணீரை உறிஞ்சாது. கஞ்சி போகத் துவைத்த பிறகுதான் உறிஞ்சும். கண்ணாடித் துணியிலும் இந்த விவகாரம் உண்டு. தறியில் இழை அறாமலிருக்க மாவுப்பொருளும் எண்ணெயும் பூசுவார்கள். அதைச் சூளையில் எரித்து நீக்கி, 'சிலேன்' என்னும் மருந்து போட்ட துணிதான் ரெசினுடன் ஒட்டும். வெப்பக் குழாய்களில் சுற்றுவதற்காக விற்கும் துணியிலும் பழைய மோட்டார்ச் சுருள்களுக்குச் சுற்றும் கண்ணாடி நாடாவிலும் பெரும்பாலும் இந்த மருந்து இருக்காது. விலை மலிவு என்று அவற்றை வாங்கவேண்டாம்.

சோதனை எளிது. ஒரு சிறு துண்டின் மேல் கலந்த ரெசின் இரண்டு சொட்டு விடுங்கள். நல்ல துணி ஒரு நிமிடத்தில் கண்ணாடிபோலத் தெளிந்து, அடியில் இருப்பது தெரியும். வெள்ளையாகவே நின்றால் அந்தத் துணி வேண்டாம்.

மேட் விஷயத்திலும் இதே போன்ற சிக்கல். அதன் இழைகளை ஒட்டிய பசை பாலியெஸ்டர் ரெசினில் உள்ள ஸ்டைரீனில் கரைவதற்காகத் தயாரிக்கப்பட்டது. எபாக்ஸியில் சரியாகக் கரையாது. மேட் விறைத்துக்கொண்டு படிய மறுக்கும். எடை ஒருபுறம் இருக்க, இந்தக் காரணத்துக்காகவும் மேட் நமக்கு ஆகாது.

"பழைய மல் வேட்டியையே ரெசினில் நனைத்துப் போர்த்தினால் என்ன?" என்று கேட்பவர்களும் உண்டு. பருத்தி இழை ஈரத்தை உறிஞ்சும் இனம். பூச்சில் எங்காவது கீறல் விழுந்தால் இழை வழியாகவே ஈரம் உள்ளே பரவும். கண்ணாடி இழை ஈரத்தைக் குடிக்காது.

எபாக்ஸியா, பாலியெஸ்டரா?

பாலியெஸ்டர் மலிவு. ஆனால் மரத்தில் அதன் பிடிப்பு குறைவு, இறுகும்போது சுருங்கும், வீடு முழுவதும் நெடி அடிக்கும். அதை இறுக வைக்கும் பெராக்ஸைடு திரவம் கண்ணில் ஒரு துளி பட்டாலும் பார்வையைப் பாதிக்கும். அதையும் கோபால்ட் திரவத்தையும் நேரடியாகக் கலந்தால் தீப்பிடித்து வெடிக்கும் ஆபத்து உண்டு. பிள்ளைகள் உள்ள சின்ன ஃபிளாட்டில் இது எதற்கு? மரத்துக்கு எபாக்ஸியே சரி.

எபாக்ஸியிலும் ட்யூபில் வரும் கெட்டிப் பசை வேண்டாம், துணிக்குள் இறங்காது. தண்ணீராக ஓடும் லேமினேட்டிங் ரகம் கேட்டு வாங்குங்கள். ஹார்டனரை டப்பாவில் போட்டிருக்கும் விகிதப்படி தராசில் நிறுத்துக் கலக்கவேண்டும். சீக்கிரம் இறுகட்டும் என்று கூடுதலாக ஊற்றினால் இறுகாமல் பிசுபிசுப்பாகவே நிற்கும். கையுறை அவசியம், தோலில் அடிக்கடி பட்டால் சிலருக்கு நிரந்தர ஒவ்வாமை வந்துவிடும். இறுகிய பிறகு தேய்க்கும்போது முகமூடி அணிந்து, வாட்டர் பேப்பரை நனைத்துத் தேயுங்கள். அந்தத் தூசி நுரையீரலுக்கு ஆகாது.

மும்பை மழைக்காலத்தில் இந்த வேலை வேண்டாம். காற்றின் ஈரம் எபாக்ஸியின் மேல் மெழுகுபோன்ற படலத்தை உண்டாக்கும். அதன் மேல் அடுத்த பூச்சு பிடிக்காது. நவம்பர் முதல் பிப்ரவரி வரை நல்ல காலம். துணியையும் மடித்து வைக்காமல் குழாயில் சுருட்டி, பிளாஸ்டிக் உறையில் வையுங்கள். மெல்லிய துணியில் விழுந்த மடிப்பு ரெசின் பூசினாலும் போகாது.

போர்த்தும் முறை, சுருக்கமாக

மரத்தை வழவழப்பாக்கித் தூசி துடைத்து, ரெசினை மெல்லியதாக ஒரு முறை பூசி இறுகவிடுங்கள். மரம் குடிக்க வேண்டியதை இப்போதே குடித்துவிடும். லேசாக உப்புத்தாள் போட்டுவிட்டு, உலர்ந்த துணியை விரித்துக் கையால் நீவிப் படிய வையுங்கள். அதன் மேல் ரெசினை விட்டு, அடிக்கட்டையிலிருந்து மேல் விளிம்பை நோக்கிப் பழைய பிளாஸ்டிக் அட்டையால் வழித்துக்கொண்டே போங்கள். அதிகப்படி ரெசின் வெளியே வரட்டும். துணியின் நெசவு கண்ணுக்குத் தெரியும் அளவுக்கு வழித்தால்தான் மேலே சொன்ன எடைக் கணக்கு சரியாக வரும். இரண்டு பக்கத்துக்கும் தனித்தனித் துண்டு போட்டு அடிக்கட்டையில் ஒன்றன்மேல் ஒன்று வரச் செய்தால், அதிகம் தேயும் இடத்தில் தானாகவே இரட்டை அடுக்கு கிடைக்கும்.

இறுகிய பின் ஒரு ரூபாய் நாணயத்தால் உடல் முழுதும் தட்டிப் பாருங்கள். பட்டறையில் ஃபைபர்கிளாஸ் பலகைகளை நாங்கள் இப்படித்தான் சோதிப்போம். கணீரென்று கேட்டால் நல்லது. 'டொப்' என்று மந்தமாகக் கேட்டால் அங்கே காற்று அடைபட்டிருக்கிறது. வெட்டித் திறந்து ஒட்டுப்போட வேண்டும்.

உட்புறத்தை மறக்காதீர்கள். விசிறித் தண்டுக் குழாய் வழியாகச் சிறிது தண்ணீர் உள்ளே வரத்தான் செய்யும். வெளியே கண்ணாடித் துணி போர்த்தி உள்ளே வெறும் மரமாக விட்டால், உள்ளே போன ஈரம் வெளியேற வழியின்றி மரத்தை மக்கவைக்கும். உள்ளே துணி வேண்டாம். மெல்லிய ரெசின் பூச்சு ஒன்று போதும். அதன் எடையையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

பிள்ளைகளுக்கு ஒரு கணக்கு

அதே மஸகான் டாக் கட்டிய புதிய ஐ.என்.எஸ். நீலகிரி 2025 ஜனவரி 15 அன்று மும்பையில் கடற்படையில் சேர்ந்தது. நீளம் 149 மீட்டர், எடை ஏறத்தாழ 6,670 டன். நூற்றில் ஒரு பங்கு மாதிரியின் எடை என்ன? சராசரிச் சுற்றளவு 38 செ.மீ., நீர்க்கோட்டுப் பரப்பு 2,000 சதுர செ.மீ. என்று கொண்டு, 100 ஜி.எஸ்.எம். துணி போர்த்தினால் கூடும் எடை எவ்வளவு, கப்பல் எத்தனை மி.மீ. இறங்கும் என்று கண்டுபிடியுங்கள்.

விடை: மாதிரியின் எடை 6.67 கிலோ. பரப்பு 0.57 சதுர மீட்டர். கூடும் எடை ஏறத்தாழ 200 கிராம். கப்பல் இறங்குவது 1 மி.மீ. ஆகவே இந்தக் கப்பலுக்கு 100 ஜி.எஸ்.எம். துணியைத் தாராளமாகப் போடலாம். பழைய நீலகிரிக்கு 50 போதும் என்றும், புதிய நீலகிரிக்கு 100 போடலாம் என்றும் ஏன் சொல்கிறோம் என்பதைப் பிள்ளைகள் தாங்களே கணக்குப் போட்டு அறிந்துகொண்டால், அடுத்து எந்தக் கப்பலை எடுத்தாலும் கடைக்காரரையோ என்னையோ கேட்க வேண்டியிருக்காது.